கையுறைக்குள் சேர்த்த மாத்திரைகள்

கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுப்பேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை மூடியாச்சா என்று அம்மாவுக்குப் போன் போடுவேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றதும் இந்தப் புத்தியால்தான். அப்பா லாரியில் அடிபட்டுப் போன வருஷம் அது. வகுப்பில் உட்கார்ந்தால், வீட்டில் அம்மாவுக்கு என்ன ஆனதோ என்றே ஓடும். போர்டில் எழுதுவது கண்ணில் படும், உள்ளே போகாது. எங்களோடு இருந்த அம்மாவின் அப்பாதான், "உடு, அது ஊட்டுல இருந்தாலாவது ஒழுங்கா சோறு துன்னும்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தார்.

அந்தத் தாத்தாவுக்குத்தான் கேன்சர் என்றார்கள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் எழுந்திருப்பதற்குள் தாத்தா போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவரே, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"பேஷண்டு நான்தான சார். இவுங்க கேட்டுனு வந்தா தப்புத் தப்பா சொல்லுவாங்க. இது கீதே, பாதி கேக்கறதுக்குள்ள மயக்கம் போட்டுரும்." என்னைத்தான் கை காட்டினார்.

டாக்டர் சரியென்று சொல்ல ஆரம்பித்தார். நுரையீரலில் ஆரம்பித்திருக்கிறது. முதுகெலும்புக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் கிடையாது. மற்ற வைத்தியத்தைத் தாங்க உடம்பில் தெம்பு இல்லை. இனிமேல் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

"எவ்ளோ நாளு சார்?" என்றார் தாத்தா.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"தீபாவளி பார்க்கலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"இப்ப இன்னா மாசம்?"

"ஆவணி தாத்தா." நான்தான் சொன்னேன்.

தாத்தா கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எதையோ கணக்குப் பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார். மில்லில் வேலை பார்த்தபோது, லாரியில் லோடு சரியாக ஏறிவிட்டால் அப்படித்தான் ஆட்டுவார்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அத்திப்பட்டு தாண்டியபோது தூரத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தார். சுண்டல் வாங்கி எதிரில் இருந்தவருக்கும் நீட்டினார். அவர் என்ன கணக்குப் போட்டார் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

தாத்தா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் லோடிங் மேஸ்திரியாக இருந்தவர். காண்ட்ராக்ட் ஆள்தான். அவர் தாத்தா காலத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். இவர் காலத்தில் கம்பிக் கட்டுகளை லாரியில் ஏற்றும் குடும்பம் ஆனது. நான் அதே பேட்டையில் வேறு ஒரு கம்பெனியில் கார் கண்ணாடிகளைப் பேக்கிங் செய்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால், பதிலுக்கு வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள்ளலாம். சி-ஆஃப் என்போம். பேட்டை முழுக்க இதே பழக்கந்தான். யாரும் அதை உடனே எடுக்க மாட்டார்கள். சேர்த்து வைத்து பொங்கலுக்கு, திருப்பதிக்கு, பிரசவத்துக்கு என்று மொத்தமாக எடுப்பார்கள். டாக்டர் தீபாவளி என்று சொன்ன நாளிலிருந்து நானும் சேர்க்க ஆரம்பித்தேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. சுடுகாட்டுக்கு எடுக்கிற நாள், பால் ஊற்றுகிற நாள், பிறகு காரியம் முடிகிறவரை நான் வீட்டில் இருக்க வேண்டுமே. அப்போது லீவு இல்லையென்று சொல்லிவிட்டால்? அதனால் கூப்பிட்ட ஞாயிறெல்லாம் போனேன். தாத்தா, "இன்னைக்காச்சும் இரேன் பாப்பா" என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

வாரத்தில் ஒரு நாள் ஒரு சிஸ்டர் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வருவார். நோய் முற்றியவர்களை வீட்டில் வந்து பார்க்கிற நர்ஸ். சின்ன உருவம், பெரிய குரல். வலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

"இது மார்ஃபின். வலி வந்த பிறகு தேடக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே, நேரத்துக்கு நேரம் குடுத்துடணும். காலி அட்டையை என்கிட்டத் திருப்பித் தரணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் பதில் சொல்லணும், சரியா?"

நேரத்துக்கு நேரம் என்று சொன்னால் என்னைவிட ஆள் கிடையாது. போனில் அலாரம் வைத்தேன். நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு அம்மா போனிலும் வைத்தேன். அலாரம் அடித்ததும் அட்டையைப் பிதுக்கி மாத்திரையைத் தாத்தா கையில் கொடுப்போம். வாயில் போட்டு, சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொள்வார். காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். சிஸ்டர் அதைப் பார்த்து, "எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலை மிச்சம்" என்றார்.

ஆனால் வலி குறையவில்லை. தாத்தா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கட்டிலின் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொள்வார். பிடித்த கையின் முட்டிகள் வெளுத்துப்போகும். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். டிவியில் பாட்டு ஓடும், அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒண்ணுக்குப் போக எழுந்து நிற்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுவார்.

"மாத்திரை போட்டும் இப்படி வலிக்குதுன்னா டோஸ் பத்தலை" என்றார் சிஸ்டர். டாக்டரிடம் கேட்டு, கூட்டிக் கொடுத்தார். அப்போதும் அதே பைப், அதே வேர்வை. முதுகெலும்பு முழுக்கப் பரவிவிட்டது, தீபாவளி எல்லாம் இல்லை, அதற்கு முன்னாலேயே என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தாத்தாவின் பழைய துணிக் கையுறை ஒன்று தொங்கும். கம்பி தூக்கும்போது போடுகிற கிளவுஸ். ஜோடியில் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. ஒட்டடை அடிக்கலாமென்று ஒரு நாள் அதைக் கழற்றினேன். கனமாக இருந்தது. ஐந்து விரலில் மூன்று விரல்கள் நூலால் இறுக்கக் கட்டியிருந்தன. கட்டைவிரலின் நூலை அவிழ்த்துக் கையில் கொட்டினேன்.

மாத்திரைகள். ஓரம் கொஞ்சம் கரைந்து, பிசுபிசுத்துக் காய்ந்திருந்தன. வாய்க்குள் போய்விட்டுத் திரும்பி வந்த மாத்திரைகள்.

அவை எதற்கு என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. ஒன்று குறைந்தாலும் பதில் சொல்லணும் என்று சிஸ்டர் சொன்ன மாத்திரை. அதைப் போய் ஒருத்தர் சேர்த்து வைக்கிறார் என்றால் எதற்கு? வலி தாங்கவில்லை. தீபாவளி என்று சொல்லியாகிவிட்டது. ஒரு நாள் மொத்தமாக விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். அந்த விரல் கணக்கு அதுதான்.

ஒட்டடைக் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். தாத்தா உள்ளேயிருந்து, "இன்னா சத்தத்தையே காணோம், ஒட்டடை உன்ன அடிச்சிச்சா?" என்றார்.

மாத்திரைகளைத் திரும்பக் கட்டைவிரலில் போட்டு, அதே நூலால் கட்டி, அதே ஆணியில் மாட்டினேன். எடுத்து ஒளித்து வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் வேறு வழி தேடுவார். ஆணியில் இருந்தால், எங்கே இருக்கிறதென்று எனக்காவது தெரியும். கவலைப்பட்டே பழகிய புத்தி போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு பிரஷர். சிஸ்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் போய்க் கையுறையைத் தொட்டுப் பார்ப்பேன். நான்காவது விரலும் நிறைய ஆரம்பித்தது.

"தாத்தா, மாத்திரைய முழுங்கினியா?"

"பின்ன, மால கட்டிக் கழுத்துல போட்டுக்குவேனா?"

"வாயத் தொற."

"நீ இன்னா கேட்டு செக்யூரிட்டியா? தொறக்கச் சொல்லிப் பாக்கற." திறந்து காட்டினார். நாக்கைத் தூக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

"உனுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

நான் காலி அட்டையில் ரப்பர் பேண்டைப் போட்டேன்.

"ஒரு வேலை பாக்கி கீது பாப்பா. அத்த முடிச்சிட்டன்னு வெச்சிக்கோ, அப்பறம் எது வந்தா இன்னா."

அன்றைக்குக் கிளம்பும்போது கையுறையை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

கம்பெனியில் லைனுக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ டைம் வந்தால் எல்லோரும் டீக்கு ஓடுவார்கள், நான் லாக்கருக்கு ஓடுவேன். அம்மா எடுத்து, "இன்னாடி, உக்காந்து டிவி பாக்கறாரு" என்று சொன்னால்தான் மூச்சு வரும். அந்த வியாழக்கிழமை அம்மா எடுக்கவில்லை. இரண்டாம் தரம் அடித்தேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. டீ டைம் முடிந்து பெல் அடித்தார்கள். கவரில் போட எடுத்த கண்ணாடியை அப்படியே கீழே வைத்தேன். சூப்பர்வைசரிடம் போனேன்.

"சார், வீட்டுக்குப் போவணும்."

"சி-ஆஃப்ல ஒண்ணு கழிச்சிக்கவா?"

"வேணாம் சார். பர்மிஷன் போட்டுக்குங்க."

அந்த நேரத்திலும் அதில் ஒன்று குறைவதற்கு மனசு வரவில்லை. எதற்காகச் சேர்த்தேனோ அந்த நாள் இன்றைக்கே வந்துவிட்டதோ என்ற எண்ணம் ஒரு பக்கம் ஓட, வாய் வேண்டாம் என்று சொல்கிறது.

ஷேர் ஆட்டோவில் இறங்கி ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். கட்டில் காலி. கதவைச் சாத்திப் பின்பக்கம் பார்த்தேன். ஆணியும் காலி.

குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தாத்தாவா? ஒருத்தர் பைக்குல வந்து இட்டுனு போனாரே. அயன் பண்ண சொக்காவப் போட்டுக்கினு, மாப்ள மாரி குந்தினு போறாரு. உங்கம்மா ரேஷன் கடையில கீது. போன் சார்ஜுல கீதுன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

"எங்க போறாருன்னு சொன்னாராக்கா?"

"மில்லு பக்கம்னு காதுல உழுந்துது. இன்னாடி, ஏன் இப்படி வேர்க்குது உனுக்கு?"

மில் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் தாத்தா உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அயன் செய்த சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் கையுறை, ஒரு விரல் அவிழ்ந்து கிடந்தது. பேப்பரில் ஒரு வடை, வடைக்குப் பக்கத்தில் நான்கு மாத்திரை. தாத்தாவிடம் வேலை பழகி இப்போது அவர் இடத்தில் மேஸ்திரியாக இருக்கும் மாமா இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்துகொண்டிருந்தார். சொந்த மாமா இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் போன வேகத்தில் பேப்பரை இழுத்தேன். வடை மண்ணில் உருண்டது. மாத்திரைகள் என் கையில்.

"இன்னா பாப்பா, வடைய ஏன் தட்டி உட்ட?" என்றார் மாமா.

"சாவப் போறியா தாத்தா நீ?" தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். "எங்கள உட்டுட்டு டீக்கடையில வந்து சாவப் போறியா?"

தாத்தா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவருக்கு நான் சொன்னது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"சாவறதுக்கு எதுக்கு மாத்திர? அது பாட்டுக்கு தானா வந்துனுகீது. டீக்கடையில வந்து செத்தா கடைக்காரனுக்கு வியாபாரம் இன்னா ஆவறது."

"பின்ன எதுக்கு சேத்து வெச்ச?"

"ஆயுத பூஜைக்கு."

வருஷா வருஷம் அன்றைக்கு அவரை மில்லுக்குக் கூட்டிப் போவார்கள் என்று தெரியும், அங்கே என்ன செய்வார் என்று தெரியாது. மாமாதான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். மில்லின் லோடிங் யார்டில் ஆயுத பூஜை அன்று கிரேனுக்கும் எடை மேடைக்கும் பூஜை போட்ட பிறகு, யார்டு வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். கம்பிக் கட்டு சரிந்தால் கீழே நிற்பவன் எழுந்திருக்க மாட்டான். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. யார்டு ஆரம்பித்ததிலிருந்து பூசணிக்காய் தாத்தா கையால்தான். வேலையை விட்டு நின்ற பிறகும் அதற்காகத்தான் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

"முழுப் பூசணிக்கா. தலைக்கு மேல தூக்கணும், மூணு சுத்து சுத்தணும்" என்றார் தாத்தா. "இந்த முதுகு அதுக்கு ஒத்துக்குமா? அதான் சேத்து வெச்சேன். தெனம் ஒண்ணு ஒண்ணா போட்டா, கட்டில்ல படுத்துனு கெடக்கறதுக்கு சரியாப் போயிரும். வாரா வாரம் எடுக்கற லீவு எங்க போச்சுன்னே தெரியாது. சேத்து வெச்சி பண்டிகைக்கு எடுத்தா மொத்தமாக் கெடைக்கும். உனுக்கு நான் சொல்லணுமா? இன்னைக்கி நாலு போட்டு, எவ்ளோ நேரம் நிக்க முடியுதுன்னு ஒரு ட்ரையல் பாக்கலாம்னு வந்தேன்."

நான் மாத்திரையைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மாமா டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆமா, உனுக்கு எத்தினி கீது சி-ஆஃப்பு?" என்றார் தாத்தா, அழுகையை மாற்றுவதற்காக.

"கீது."

"எங்கனா போவப் போறியா? எதுக்கு சேக்கற?"

நான் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். தாத்தா என் முகத்தைப் படித்தார். அதற்கு அவருக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

"டேய், கேட்டியா," என்றார் மாமாவிடம். "நான் பூசணிக்காய்க்கு சேத்தா, இது என் பாடைக்கி சேத்துனுகீது."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முதுகில் இறங்கி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முட்டிகள் வெளுத்தன.

"ஒரே ரத்தம் மேஸ்திரி, வேற இன்னா பண்ணும்" என்றார் மாமா, முதுகைத் தடவியபடி.

மறுநாள் சிஸ்டரை வரச் சொன்னேன். கையுறையைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு விரலாக அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினார். அதுவரை அந்தப் பெரிய குரல் அடங்கி நான் பார்த்ததில்லை.

"இதுல நாலு போடலாம்னு இருந்தீங்களா தாத்தா?"

"நேத்து நாலு. ட்ரையல்ல ஒண்ணும் ஆவலன்னா பூஜைக்கி இன்னும் ரெண்டு."

"ஒரு வாரத்துச் சோத்த ஒரே நாள்ல சாப்பிட்டா ஒரு வாரத்துக்குப் பசிக்காம இருக்குமா? வயிறு வெடிக்கும். இது லீவு இல்ல, சேர்த்து எடுக்க. பழகாத உடம்புல இத்தனை ஒண்ணாப் போனா மூச்சு நின்னுடும். பூசணிக்காயச் சுத்தறதுக்கு முன்னாடி உங்களத்தான் தூக்கினு வந்திருப்பாங்க."

தாத்தா ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளு நான் வலிய தாங்கினது?"

"வீண்தான்," என்றார் சிஸ்டர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "இனிமே தாங்க வேணாம். தினமும் போட்டா வலி ஏறவே ஏறாது. ஏறலைன்னா அன்னைக்கும் நிக்கலாம்" என்றார்.

டாக்டரிடம் பேசிப் பழைய குறைந்த அளவிலிருந்தே ஆரம்பித்தார். மிச்ச மாத்திரைகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "அட்டைய மட்டும் பார்த்தா போதாதும்மா, ஆளையும் பார்க்கணும்" என்றார். நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து தாத்தா தூங்கினார். காலையில் தூங்கினார், டிவி பார்க்கும்போது தூங்கினார், கையில் டம்ளரோடு தூங்கினார். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. சிஸ்டர், முதலில் அப்படித்தான் இருக்கும், தெளிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வலியோடு விழித்துக்கொண்டிருந்தவரை நானே பிடித்து வலியில்லாமல் தூங்க வைத்துவிட்டேனே, அந்த ஒரு நாளும் தூக்கத்திலேயே போய்விட்டால் என்று இன்னொரு கவலை. முழித்த ஒரு சமயம் அவரே கேட்டார்: "நான் பூஜைக்குப் போவணுமா, பூஜை இங்க வரணுமா?"

மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றார்.

"புரட்டாசி நைனா" என்றாள் அம்மா.

"பெருமாள் கோச்சிக்கினா நான் பேசிக்கறேன். எப்படியும் சீக்கிரம் பாக்கத்தான போறேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. கட்டில் பைப்பை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா வந்தார். உட்காராமல் நின்றார்.

"மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. யார்டுல புதுப் பசங்க சில பேரு... நோயாளி கையால வேணாமேன்னு..."

இத்தனையும் பட்டுக் கடைசியில் இப்படியா.

தாத்தா கோபப்படவில்லை. "திருஷ்டி சுத்தறவன் மேல ஏறும்னு பயப்படறானுங்களா? ஏறட்டுமே. உங்க மேல ஏறினா வருசம் பூரா சொமக்கணும். நான் இன்னா, இந்தா கெளம்பறேன். என் மேல ஏத்தி உட்டீங்கன்னா என்னோட சேந்து போயிரும். இத்தவிட நல்ல ஆளு உங்களுக்குக் கெடைக்குமா? போய் சொல்லு."

மாமா குனிந்து தாத்தாவின் காலைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அதே மாலை நான் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, நாளைக்கு ஒரு சி-ஆஃப் வேண்டுமென்றேன். "நாளைக்கு நம்ம கம்பெனிலயே பூஜைதானம்மா, பொரி, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் உண்டு. அதுக்குப் போயி யாராவது சி-ஆஃப வேஸ்ட் பண்ணுவாங்களா?" என்றார். பண்ணுவார்கள் என்று சொன்னேன்.

குட்டி லாரி ஒன்றின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் தாத்தாவை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். நான் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யார்டில் கிரேனுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. எடை மேடை முழுக்கச் சந்தனப் பொட்டு. சத்தமாகப் பாட்டு போட்டிருந்தார்கள். தாத்தா உள்ளே வந்ததும் யாரோ அதைக் குறைத்தார்கள். புதுப் பையன்கள் ஒரு ஓரமாக நின்று பார்த்தார்கள்.

பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றினார்கள். தாத்தா எழுந்தார். ஒரே தரத்தில் எழுந்தார். நான் பக்கத்தில் போகப் போனேன், கையால் தள்ளினார். காயைத் தூக்கினார். நெஞ்சு வரை வந்தது. அங்கேயே நின்றது. கை நடுங்க ஆரம்பித்தது, கற்பூரச் சுடர் ஆடியது. தலைக்கு மேலே போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா பின்னாலிருந்து வந்து, இரண்டு கையையும் காய்க்கு அடியில் கொடுத்தார். காய் மேலே போனது. ஒரு சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவதை தாத்தா பாதியில் நிறுத்தி, வாசலை நோக்கிப் போட்டார். வீசினார் என்று சொல்ல முடியாது, கை விட்டார்.

சிதறவில்லை. இரண்டாகப் பிளந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் உட்கார்ந்தன. நல்லதா கெட்டதா என்று எல்லோரும் தாத்தா முகத்தைப் பார்த்தார்கள்.

ஓரமாக நின்ற பையன்களில் ஒருவன், "நல்லதுதான் பெருசு. ரோட்டுல செதறி வண்டி ஸ்கிட் ஆவாது" என்றான்.

முதலில் சிரித்தது தாத்தாதான். அப்புறம் எல்லோரும். அந்தப் பையனே ஓடிவந்து நாற்காலியை அவருக்குப் பின்னால் போட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் போனில் அலாரம் அடித்தது. நான் பையைத் திறப்பதற்குள் தாத்தா கையை நீட்டியிருந்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று சி-ஆஃப்களை எடுத்தேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு நகம் வெட்டினேன். சீரியலில் யார் மேல் தப்பு என்று சண்டை போட்டோம். சில நாள் பக்கத்தில் நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

"இன்னைக்கி இன்னா லீவு?" என்பார்.

"சி-ஆஃப் தாத்தா."

"தீத்துனே வர்ற போலக்கீதே."

"தீந்தா தீரட்டும்."

கவலை போய்விடவில்லை. கதவை இப்போதும் மூன்று தரம்தான் இழுக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் பூட்டுவதற்கு வேலையே இருக்கவில்லை, நான் உள்ளேதான் இருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு அதிரசத்தை விண்டு வாயில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அம்மா கால் பிடித்துக்கொண்டிருக்கும்போது போனார். யார்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அந்தப் பையனும் தோள் கொடுத்தான்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது என்னிடம் ஒரு சி-ஆஃப்கூட மிச்சம் இல்லை. வராத நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கொஞ்சம் வருத்தமாகவே, "கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கலாமேம்மா" என்றார்.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனேன்.